நாலு வீட்டு மீட்டர்

எல்லா வீட்டிலும் ஓர் ஆள் இருப்பார். யாரும் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவர் காதுக்குத்தான் முதலில் கேட்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டு வருவார். "இது வீடா, கல்யாண மண்டபமா? எல்லா லைட்டும் எரியுது!" என்பார். மற்றவர்கள் அவருக்கு 'ஈ.பி. ஆபீஸர்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். சில வீடுகளில் அது அப்பா. சில வீடுகளில் பாட்டி. இப்போதெல்லாம் பள்ளியில் பாடம் கேட்டுவிட்டு வரும் ஏழாம் வகுப்புப் பெண்ணும் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறாள்.

அவர் சொல்வது சரி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஊருக்குப் போன அன்று எல்லா அறையிலும் விளக்கு எரியும். ஒருவர் மட்டும் காவல் இருக்கும் சிக்கனத்தின் ஆயுள் அவ்வளவுதான். அதோடு அவருக்கு 'கஞ்சன்' என்ற பெயர் வேறு. "நம்ம வீட்டு ஒரு டியூப்லைட்டை அணைச்சா உலகம் மாறிடுமா?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

பதில் இருக்கிறது. ஆனால், அதை ஒருவராகச் சொல்ல முடியாது. நாலு பேராகச் சேர்ந்து சொல்ல வேண்டும்.

பத்து யூனிட்டின் விலை

முதலில் பில்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2022 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் கட்டம் கட்டமாக விலை ஏறும். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. அது 500-வது யூனிட்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 510 யூனிட் எரித்த வீட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் வித்தியாசம்! காரணம், 500-ஐத் தாண்டியதும் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அதற்குக் கீழே 101 முதல் 200 வரை கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடுகிறது. அதன் பிறகு கட்டணங்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. 

ஆக, 480-லிருந்து 560-க்குள் ஊசலாடும் வீடுகளுக்குச் சேமிப்பு பெரிய காரியம். வாரத்துக்கு ஏழெட்டு யூனிட் குறைத்தால் இரண்டு மாதத்தில் அறுபது யூனிட் வந்துவிடும். அது வீட்டில் ஒரு வாரக் காய்கறிச் செலவு.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கதை வேறு. ஒரே மீட்டரில் பல போர்ஷன்கள் இருக்கும் இடத்தில், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. இலவச யூனிட் சலுகை அவர்கள் கைக்கு வந்து சேர்வதே இல்லை. அவர்களுக்கு ஒவ்வொரு யூனிட்டுமே கணக்குதான்.

சுவிட்சுக்கு அந்தப் பக்கம்

பில் கட்டுவதற்குச் சிரமப்படாத வீடுகளும் உண்டு. "நான் காசு கட்டுகிறேன், நான் எரிக்கிறேன்" என்று அவர்கள் சொல்லலாம். ஆனால், சுவிட்சைப் போடும்போது இன்னோர் இடத்தில் ஏதோ எரிகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. எண்ணூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரி. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சராசரியாகச் சுமார் 700 கிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எரிந்து மிஞ்சும் சாம்பலுக்கும் ஓர் இடம் வேண்டும். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீனும் இறாலும் குறைந்துவிட்டன என்று அங்குள்ள மீனவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

நகரத்து வீட்டில் வீணாக ஓடும் ஃபேனுக்கும் அந்த வலைக்காரரின் கூடைக்கும் தொடர்பு இருக்கிறது. ஒரு வீட்டை வைத்துப் பார்த்தால் அது நூல் அளவு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகள் இரண்டு கோடிக்கும் மேல். அத்தனை நூலையும் சேர்த்தால் அது வடக்கயிறு.

பக்கத்து வீடு செய்கிறதா?

"எல்லோரும் செய்தால் மாறும்" என்பது கேட்க நன்றாக இருக்கும். எல்லோரும் எப்படிச் செய்வார்கள் என்பதுதான் கேள்வி. இதை அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் என்ற ஊரில் உளவியல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கோடைக்காலத்தில் வீட்டுக் கதவுகளில் சீட்டு மாட்டினார்கள். 'ஏ.சி.க்குப் பதில் ஃபேன் போடுங்கள்' என்பதுதான் செய்தி. காரணம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது. சிலருக்குச் சுற்றுச்சூழல். சிலருக்கு வருங்காலத் தலைமுறை. சிலருக்குப் பணம் மிச்சம். இன்னும் சிலருக்கு, 'உங்கள் தெருவில் பெரும்பாலானவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.'

மீட்டரைப் பார்த்தபோது கடைசிச் சீட்டு கிடைத்த வீடுகளில்தான் நல்ல பலன். வேடிக்கை என்னவென்றால், அந்த மக்களிடமே கேட்டபோது, "பக்கத்து வீட்டைப் பார்த்தா நாங்கள் செய்கிறோம்? அது முக்கியமே இல்லை" என்றுதான் சொன்னார்கள்.

அதே ஊரில் 2007-ல் வெளியான இன்னோர் ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவின் சராசரியைச் சொன்னார்கள். அதிகம் எரித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால், ஏற்கெனவே குறைவாக எரித்தவர்கள், 'நாமதான் ரொம்பச் சிக்கனமா இருக்கோம் போல' என்று நினைத்துக் கூட்டிவிட்டார்கள்! பிறகு, குறைவாக எரித்த வீட்டுச் சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்தார்கள். அவர்கள் கூட்டவில்லை. ஒரு சின்னப் பாராட்டு போதுமானதாக இருந்தது.

நெதர்லாந்தில் 1990-களில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். நண்பர்கள், அக்கம்பக்கத்தார் என்று ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவார்கள். குப்பை, எரிவாயு, மின்சாரம், தண்ணீர் என்று மாதத்துக்கு ஒரு விஷயம். எட்டு மாதத்தில் கூட்டம் முடிந்துவிடும். முடிந்து இரண்டு வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, பழக்கங்கள் போகவில்லை. சில விஷயங்களில் சேமிப்பு முன்பைவிடக் கூடியிருந்தது. சட்டம் போடவில்லை, அபராதம் இல்லை. காபி குடித்துக்கொண்டு பேசினார்கள், அவ்வளவுதான்.

மொட்டைமாடிக் கூட்டம்

நமக்கு இது புதிதல்ல. 2012 வாக்கில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது கரன்ட் போனதும் தெருவே வாசலுக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் பாய் விரியும். எதிர்வீட்டுக்காரர் பெயரே அப்போதுதான் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டாம். அந்த மொட்டைமாடியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நாலு வீடு போதும். கல்லூரித் தோழிகளாக இருக்கலாம், வாக்கிங் போகும் நண்பர்களாக இருக்கலாம், ஒரே அப்பார்ட்மென்ட்டாக இருக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒரு மாதம் இவர் வீட்டுச் சுண்டல், அடுத்த மாதம் அவர் வீட்டு பஜ்ஜி. வரும்போது அன்றைய மீட்டர் ரீடிங்கை மட்டும் குறித்துக்கொண்டு வர வேண்டும். மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும். 'கே.டபிள்யூ.ஹெச்' என்று காட்டும்போது வரும் எண்தான் யூனிட்.

ஒரே ஒரு விதி. ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு ஒப்பிடக் கூடாது. ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கும். ஒரு வீட்டில் படுக்கையில் பெரியவர் இருப்பார். ஒரு வீட்டில் வீட்டிலிருந்தே வேலை. அவரவர் வீட்டின் போன வருடக் கணக்கோடுதான் ஒப்பீடு. ஏப்ரல்-மே கணக்கைப் போன வருட ஏப்ரல்-மே கணக்கோடு பார்க்க வேண்டும். மார்கழிக் கணக்கோடு பார்த்தால் சண்டைதான் வரும். குறைத்தவருக்கு ஒரு கைதட்டல். அந்தச் சிரித்த முகம் செய்த வேலையை இது செய்யும்.

எதில் கை வைப்பது?

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் வீட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழைய ஃபேன் 54 யூனிட் எடுக்கும். புதியது 22 யூனிட்டுக்குள். ஒரே ஃபேனில் 32 யூனிட்! விலை சாதாரண ஃபேனைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். ஒன்றரை, இரண்டு வருடத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும். எல்லா அறைக்கும் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஒன்றை மட்டும் முதலில் மாற்றலாம். நாலு வீட்டுக்குச் சேர்த்து எட்டு ஃபேனாக வாங்கினால் கடைக்காரரிடம் பேரம் பேசலாம். வாடகை வீட்டுக்காரர்கள் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். வேகத்தைக் குறைத்தாலும் மிச்சக் கரன்ட்டை அது சூடாக வீணாக்கும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்தப் பிரச்னை இல்லை.

ஒன்றரை டன் ஏ.சி. முழு மூச்சாக ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் வரை எடுக்கும். 2020 ஜனவரி முதல் விற்கும் ஸ்டார் முத்திரை ஏ.சி.க்கள், போட்டதும் 24 டிகிரியில் தொடங்குமாறு அரசு விதித்திருக்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் சுமார் 6 சதவிகிதம் மிச்சம். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் தூக்கம் கெடாது.

தண்ணீர் ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட். அரை மணி நேரத்தில் ஒரு யூனிட். காலையில் போட்டுவிட்டு மறந்தால் அது குளிக்கிறவருக்காகக் காத்திருந்து காத்திருந்து சூடாகும். வரிசையாகக் குளித்துவிட்டால் ஒருமுறை போட்டாலே போதும்.

செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அணைந்ததாக அர்த்தமில்லை. அது 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். இரவு படுக்கும் முன் சுவிட்சிலேயே அணைத்துவிடலாம்.

ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் அதன் சூடு வெளியேறும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. புதிதாக வாங்குபவர்கள் நட்சத்திரத்தை மட்டும் எண்ண வேண்டாம். அந்த முத்திரையிலேயே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இன்னொரு விஷயம், நேரம். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் எரிகிறது. சூரிய மின்சாரம் அப்போது கிடைக்காது. துணி தேய்ப்பது, மோட்டார் போடுவது, மாவாட்டுவது எல்லாவற்றையும் முடிந்தவரை பகலுக்கு மாற்றினால், நம் பில்லில் வித்தியாசம் தெரியாது. ஆனால், மாலையில் எரிக்க வேண்டிய நிலக்கரி கொஞ்சம் குறையும்.

யார் வியர்ப்பது?

நண்பர்கள் கூட்டத்தில் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. சிக்கனத்தின் சுமை வீட்டில் யார் தலையில் விழுகிறது?

நம் வீடுகளில் பலவற்றில் சமையலறையில் ஃபேனே கிடையாது. கிரைண்டரையும் மிக்ஸியையும் வாஷிங் மெஷினையும் பற்றித்தான் முதல் குறை வரும். ஹாலில் ஓடும் பெரிய டி.வி.யைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். 2 லிட்டர் வெட் கிரைண்டர் சுமார் 150 வாட்தான். அரை மணி நேரம் மாவாட்டினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதை நிறுத்தி அம்மாவை ஆட்டுக்கல்லில் உட்கார வைப்பதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. தாத்தாவின் ஃபேனை அணைத்து மிச்சம் பிடிப்பதும் அப்படித்தான். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கோடை வெப்பம் ஆபத்து. அவர்கள் அறையில் கணக்கு பார்க்கக் கூடாது.

வாட் கணக்குப் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும். எது உண்மையில் கரன்ட் குடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பழி கிரைண்டரிலிருந்து ஹீட்டருக்கு மாறும்.

வாசலைத் தாண்டி

மூன்று நாலு மாதம் போனால் வீட்டுக்குள் செய்ய வேண்டியது முடிந்துவிடும். பேச்சு தானாக வாசலைத் தாண்டும். அப்பார்ட்மென்ட்டின் பொது மீட்டரில் எவ்வளவு வருகிறது? படிக்கட்டு விளக்கு பகலிலும் எரிகிறதே, யாரிடம் சொல்வது? மேல்தொட்டி நிரம்பி வழியும்போது தண்ணீரோடு கரன்ட்டும் வழிகிறது. தானாக நிற்கும் கருவி பொருத்தினால் என்ன? தெருவிளக்கு காலை ஒன்பது மணிக்கும் எரிகிறது என்று மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒருவர் மனு கொடுத்தால் அது ஒரு தாள். நாலு வீடு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அலுவலகத்தில் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். 2024-ல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒருவராக விசாரிக்கத் தயங்குபவர்கள் நாலு பேராகப் போய் விசாரிக்கலாம். போராட்டம் என்றால் கொடி பிடிப்பது மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லையே!

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்ற ஊராட்சி இருக்கிறது. குடிநீர் மோட்டார்களாலும் தெருவிளக்குகளாலும் ஊராட்சியின் கரன்ட் பில் ஏறிக்கொண்டே போனது. அன்றைய ஊராட்சித் தலைவர் ஆர்.சண்முகமும் ஊர்க்காரர்களும் அந்த பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தார்கள். தெருவிளக்குக்குச் சூரிய சக்தி என்று சின்னதாகத் தொடங்கினார்கள். 2006-ல் ஊராட்சியின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிவிட்டார்கள். தங்கள் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்த ஊர் அது. அவர்களுக்கும் தொடக்கம் ஒரு கரன்ட் பில்தான்.

உங்கள் நாலு வீடு காற்றாலை வாங்க வேண்டியதில்லை. ஈ.பி. கார்டை எடுத்து அடுத்த ரீடிங் எந்தத் தேதி என்று பாருங்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சுண்டலுக்குக் கடலையை முந்தின இரவே ஊறவைத்துவிடுங்கள். ஊறினால் சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம்.